எண்கள் சரி, ஷட்டர் மட்டும் சேரவில்லை

சென்ற ஆண்டு இறுதியில் சிட்னியின் மேற்குப் பகுதியில் உள்ள வென்ட்வொர்த்வில்லில் ஒரு தமிழ் வீட்டுக்கு என்னை அழைத்திருந்தார்கள். இணையத்தில் சொல்லி வரவழைத்த ஒன்பது ஷட்டர்களில் ஆறு ஜன்னல்களில் ஏறிவிட்டன; மூன்று மட்டும் அட்டைப் பெட்டியோடு சுவரில் சாய்ந்திருந்தன. வீட்டுக்காரர் கணக்குத் துறையில் பணிபுரிபவர், எண்களில் கவனமானவர். தாம் அளவு குறித்து வைத்திருந்த தாளை எடுத்து வந்து நீட்டினார். அதிலிருந்த ஒவ்வோர் எண்ணையும் நான் திரும்ப அளந்து பார்த்தேன். ஒன்றில்கூடப் பிழை இல்லை. ஆனாலும் முதல் ஷட்டர் மேலே நுழைந்து கீழே முட்டியது. இரண்டாவது உள்ளே அமர்ந்தும் அதன் பலகைகள் முழுதாகத் திறக்கவில்லை. மூன்றாவதோ அகலமும் உயரமும் இடம் மாறி வந்திருந்தது. "தம்பி, அந்த மூணு ஜன்னலுக்கும் நான் பேசாம பழைய சேலையைக் கட்டி விட்டுடவா?" என்று அவருடைய அம்மா கேட்டார். அளவெடுப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கு அந்த மூன்று பெட்டிகளும் புதியவை அல்ல. அளவு நாடாவைச் சரியாகப் படித்தும், எதை, எங்கிருந்து, எந்த வரிசையில் அளந்தோம் என்பதை எண்ணோடு சேர்த்து எழுதாததால் நேரும் தவறுகளே இவை.

ஷட்டர் என்றதும் கடைவாசலில் தடதடவென்று இழுத்துவிடும் இரும்புக் கதவுதான் நம்மவர்களுக்கு நினைவு வரும். நான் சொல்வது பிளான்டேஷன் ஷட்டர். அமெரிக்கத் தென் மாநிலங்களின் தோட்ட மாளிகைகளால் பெயர் பெற்ற இது, அறையின் உட்புறமாக ஜன்னலில் பொருத்தப்படும் கீல் கதவு. அதற்குள் அகலமான பலகைகள் அடுக்கடுக்காக இருக்கும், விரலால் தள்ளினால் சாயும். புதுச்சேரியின் பிரெஞ்சுத் தெருக்களில் மரச் சாய்பலகை ஜன்னல்களைப் பார்த்தவர்களுக்கு உருவம் உடனே பிடிபடும். குழந்தையின் கழுத்தில் சுற்றக்கூடிய கயிறு இதில் இல்லை என்பதற்காகவே இங்கே பல குடும்பங்கள் இதை விரும்புகின்றன. துணித் திரை நான்கு அங்குலம் கூடினாலும் குறைந்தாலும் யாரும் கவனிப்பதில்லை. ஷட்டரோ விறைப்பான சட்டம். இங்கு விற்பவற்றில் பெரும்பங்கு சீனத் தொழிற்சாலைகளில் வாடிக்கையாளரின் அளவுக்கென்றே செய்யப்பட்டுக் கப்பலில் வருவதால், நான்கு மில்லிமீட்டர் தவறினால் மறுபடியும் பணமும் பல வாரக் காத்திருப்பும்தான்.

முதல் பெட்டிக்கு வருகிறேன். ஜன்னல் நீள்சதுரம் என்று நாம் நம்புவதுதான் அங்கே நடந்த தவறு. சுவருக்குள் ஜன்னல் அமர்ந்திருக்கும் குழிவை இங்கே ரிவீல் என்பார்கள். அந்த ரிவீலின் நான்கு பக்கங்களும் நேராக இருப்பது அரிது. மேற்குச் சிட்னியின் பெரும்பகுதி, வியானமட்டா ஷேல் பாறை சிதைந்து உண்டான களிமண்ணின் மேல் நிற்கிறது. நம் கரிசல் மண்ணைப் போலவே அது மழையில் உப்பும், வறட்சியில் சுருங்கும்; வீடும் அதனோடு மெல்ல அசையும்; அந்த அசைவு கதவிலும் ஜன்னலிலும்தான் முதலில் தெரியும். எனவே அகலத்தை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடங்களிலும், உயரத்தை இடம், நடு, வலம் என்று மூன்று இடங்களிலும் அளக்க வேண்டும். வீட்டுக்கார நண்பரின் ஜன்னலில் எனக்குக் கிடைத்த அகலங்கள் மேலே 1196, நடுவே 1193, கீழே 1189 மில்லிமீட்டர். அவர் நாடாவைப் பிடித்தது மேலே மட்டும். ரிவீலுக்குள் பொருத்துவதானால் மூன்றில் சிறியதே கணக்கு. சுவரின் மேல் பொருத்துவதானால் பெரியதை எடுத்து, அதற்கு மேல் இரு பக்கமும் சட்டம் படிய இடம் சேர்க்க வேண்டும்.

இத்தோடு மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்துவிட வேண்டும். எதிரெதிர்ப் பக்கங்கள் சமமாக இருந்து, இவை இரண்டும் ஒன்றாக இருந்தால் ஜன்னல் மூலைமட்டத்தில் இருக்கிறது. 6 மில்லிமீட்டருக்கு மேல் வேறுபட்டால் ரிவீலுக்குள் ஒளிந்துகொள்ளும் எல் சட்டத்தை நான் பரிந்துரைப்பதில்லை; ஒரு பக்கம் ஒட்டி, மறுபக்கம் ஆப்பு வடிவத்தில் சந்து தெரியும். சுவரின் முகப்பில் மடிந்து படியும் இசட் சட்டம் அந்த இடைவெளியை மூடிவிடும். சிலர் இசட் சட்டத்தை வெறும் அலங்காரம் என்று நினைத்துச் செலவைக் குறைக்கப் பார்க்கிறார்கள். பழைய வீடுகளில் அந்தச் சிக்கனம் எனக்கு உடன்பாடில்லை.

இரண்டாவது பெட்டிதான் அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம். அகலத்தையும் உயரத்தையும் அளப்பவர்கள் ஆழத்தை அளப்பதில்லை. பலகை மூடியிருக்கும்போது கதவுச் சட்டத்தோடு ஒட்டிக் கிடக்கும். திறக்கும்போது பாதி அறைப்பக்கமும் பாதி கண்ணாடிப்பக்கமும் நீளும். கணக்கு எளிது. பலகையின் அகலத்தில் பாதியிலிருந்து சட்டத்தின் கனத்தில் பாதியைக் கழித்தால், அது பின்புறம் எவ்வளவு நீட்டும் என்பது வரும். சட்டத்தின் கனம் 27 மில்லிமீட்டர் என்று கொள்வோம். சந்தையில் புழங்கும் 63 மில்லிமீட்டர் பலகை பின்னால் 18, 89 பலகை 31, 114 பலகை ஏறத்தாழ 44 மில்லிமீட்டர் நீட்டும். நண்பரின் சமையலறை ஜன்னல் கைப்பிடியைச் சுழற்றித் திறக்கும் வகை. அந்தக் கைப்பிடி ரிவீலுக்குள் துருத்தி நின்றதால் கதவுக்கும் அதற்கும் இடையே எஞ்சியது 20 மில்லிமீட்டர் மட்டுமே. அவர் வரவழைத்ததோ 89. கைப்பிடிக்கு நேரே இருந்த பலகை முட்டிக்கொள்ள, ஒன்றோடொன்று இணைந்தவை என்பதால் மற்றப் பலகைகளும் அதோடு நின்றுவிட்டன. 63 பலகை கேட்டிருந்தால் ஒரு சிக்கலும் இல்லை. ஆகவே ஆழத்தைக் கண்ணாடியிலிருந்து அளக்கக் கூடாது. எது அறையை நோக்கி அதிகம் நீண்டிருக்கிறதோ, அதன் நுனியிலிருந்து அளக்க வேண்டும்.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இந்த எச்சரிக்கை இன்னும் தேவை. குழந்தைகள் தவறி விழாமலிருக்க, வெளியே கீழுள்ள தரையிலிருந்து தளம் 2 மீட்டரோ அதற்கு மேலோ உயர்ந்திருக்கும் படுக்கையறைகளின் ஜன்னல்கள் 125 மில்லிமீட்டருக்கு மேல் திறக்காதபடி தடை வைக்க வேண்டும் என்பது 2013 மே 1 முதல் ஆஸ்திரேலியக் கட்டட விதி. நியூ சவுத் வேல்ஸில் பழைய அடுக்குமாடிகளும் இத்தகைய பூட்டுகளைப் பொருத்த 2018 மார்ச் 13 வரை கெடு கொடுக்கப்பட்டது. பின்னாளில் மாட்டிய அந்தப் பூட்டுகள் ஜன்னலின் மேல் குமிழ்போல் நிற்கும். ஷட்டருக்கு இடம் வேண்டுமென்று அவற்றைக் கழற்றித் தரச் சொன்னவர்கள் உண்டு, நான் செய்வதில்லை.

மூன்றாவது பெட்டி வரிசையால் வந்த வினை. ஆஸ்திரேலியாவில் ஜன்னல் தயாரிப்பாளர்கள் உயரத்தை முதலில் சொல்வார்கள். 1218 என்ற குறியீடு ஏறத்தாழ 1200 உயரமும் 1800 அகலமும் கொண்ட ஜன்னலைக் குறிக்கும். திரை, ஷட்டர் விற்பவர்களோ அகலத்தை முதலிலும் உயரத்தைப் பிறகும் எழுதுவார்கள். நண்பர் வீட்டு வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதன் வரிசையிலேயே எழுதி அனுப்பிவிட்டார். இங்கே கட்டடத் தொழிலில் சென்டிமீட்டரும் புழக்கத்தில் இல்லை. 120 என்று எழுதினால் தொழிற்சாலை அதை மில்லிமீட்டராகவே படிக்கும்.

எழுதும் எண் எந்த எண் என்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. திறப்பின் அளவைக் கேட்கும் நிறுவனம், ஷட்டர் தடையின்றி நுழைவதற்கான கழிவைத் தானே செய்துகொள்ளும். செய்யவேண்டிய அளவைக் கேட்பவர்கள் கழிக்க மாட்டார்கள். முந்தைய வகையினருக்கு நாமும் முன்னெச்சரிக்கையாக ஐந்து மில்லிமீட்டரைக் கழித்துக் கொடுத்தால், இரட்டைக் கழிவாகி இருபுறமும் வெளிச்சம் கீற்றாக வரும். படிவத்தில் தெளிவில்லையென்றால் அழைத்துக் கேட்டுவிடுவது நல்லது.

எஃகு நாடாவின் நுனிக் கொக்கி ஆடுகிறது என்று அதைச் சுத்தியால் தட்டி இறுக்கிய ஒருவரையும் சந்தித்திருக்கிறேன். அது ஆடத்தான் வேண்டும். கொக்கியை மாட்டி இழுக்கும்போதும், சுவரில் முட்டி அழுத்தும்போதும் கொக்கித் தகட்டின் கனம் கணக்கில் வராதிருக்க, அந்தக் கனத்தளவுக்கு அது நகரும்படி ஆணி தளர்வாக அடிக்கப்பட்டிருக்கிறது. நுனி நசுங்கிய நாடாவில் 100 மில்லிமீட்டர் கோட்டிலிருந்து அளந்து பிறகு 100-ஐக் கழிப்பது தொழிலில் உள்ள பழக்கம். தொடக்க காலத்தில் ஒரு வாரக் கடைசி மாலையில், ஒரு படுக்கையறை முழுவதையும் அப்படி அளந்துவிட்டுக் கழிக்க மறந்திருக்கிறேன். அந்த மாதச் சம்பளத்தில் நல்ல பகுதி அதற்கே போனது. லேசர் கருவியிலும் இதே ஆபத்து வேறு உருவில் உண்டு: அளவு கருவியின் பின்விளிம்பிலிருந்தா முன்விளிம்பிலிருந்தா என்பதைத் திரையில் பார்க்காவிட்டால், கருவியின் நீளமே பிழையாகிவிடும்.

இரண்டுக்கு மேல் கதவுகள் உள்ள அகலமான ஜன்னலில் நடுவே நிற்கும் தூணை டி-போஸ்ட் என்பார்கள். அறைக்குள் நின்று, இடது ஓரத்திலிருந்து அந்தத் தூணின் மையம் வரை அளந்து எழுத வேண்டும். ஜன்னலின் சொந்தச் செங்குத்துச் சட்டத்துக்கு நேராக அது நின்றால்தான் கண்ணுக்கு உறுத்தாது. கதவு அறைக்குள் விரியும் வழியில் குழாயோ, அலமாரியோ, ஸ்விட்சோ இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

நாமே அளந்து கொடுத்த எண்ணுக்கு ஏற்பச் செய்து வந்த ஷட்டர் சேராவிட்டால், அது நம் பொறுப்பு. 2011 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டம் பழுதான பொருளுக்குத் தீர்வு தருகிறது. அளவைத் தவறாகக் கொடுத்தவருக்குத் தருவதில்லை. வந்து அளப்பவர்களிடம் வேலையை ஒப்படைத்தால், அளவின் பொறுப்பு அவர்களுடையது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வென்ட்வொர்த்வில் வீட்டில் சமையலறைக் கைப்பிடியை மட்டும் மடக்கக்கூடிய வகைக்கு மாற்றினேன். அந்த ஷட்டர் அன்றே திறந்துகொண்டது. மற்ற இரண்டையும் அவர் மறுபடி வரவழைக்க வேண்டியதாயிற்று. இம்முறை அவர் எனக்கு அனுப்பிய தாளில் ஒவ்வொரு ஜன்னலும் ஒரு கட்டமாக வரையப்பட்டிருந்தது. ஆறு அளவுகளும், இரண்டு மூலைவிட்டங்களும், ஆழமும் அம்புக்குறியோடு அவை எடுக்கப்பட்ட இடத்திலேயே எழுதப்பட்டிருந்தன. ஓரிடத்தில் 1189 என்பதை மட்டும் இருமுறை வட்டமிட்டிருந்தார்.