பிரீமியம்: ஒரு சொல் விளக்கம்

காப்பீட்டு முகவர் தரும் ரசீதிலும், ரயில் முன்பதிவுப் பக்கத்திலும், கைப்பேசிக் கடையின் கண்ணாடிப் பேழையிலும் இன்று ஒரே சொல்லைக் காண்கிறோம். எல்.ஐ.சி.க்குப் பிரீமியம் கட்டுபவருக்கு அது தவணைதோறும் செலுத்த வேண்டிய தொகை. 2014 முதல் ரயில்வே நடத்திவரும் பிரீமியம் தத்காலில் இடம் பிடிப்பவருக்கு அது, இருக்கைகள் குறையக் குறைய ஏறிக்கொண்டே போகும் கட்டணம். பிரீமியம் போன் வாங்குபவர் மட்டும் அதனை ஒரு தரத்தின் பெயர் என்று நம்புகிறார். முதல் இருவரும் சொல்லின் பழைய பொருளோடு ஒட்டியே நிற்கிறார்கள். மூன்றாமவரிடம் சொல் தடம் மாறியிருக்கிறது. விலை கூடிய மின்னணுப் பொருள்கள் கொடுத்த காசுக்குத் தகுமா என்ற கேள்வியில் எழும் குழப்பத்தில் பாதி, இந்தத் தடமாற்றத்திலிருந்து வருவதே.

இலத்தீனில் இது 'ப்ரைமியும்'. 'ப்ரை' என்பது முன் என்னும் பொருள் தருவது. 'எமெரே' என்பது ஆதியில் எடுத்தல் என்றும் பின்னாளில் வாங்குதல் என்றும் பொருள்பட்ட வினை. பிறர்க்கு முன் எடுத்துக்கொள்ளப்பட்டது என்ற கருத்திலிருந்து, போரில் கிடைத்த கொள்ளைப் பொருளுக்கும், அதன்வழி பரிசுக்கும் ஆதாயத்துக்கும் அது பெயரானது. ஆங்கிலத்துக்கு அது வந்தபோது பரிசு என்ற பொருளோடுதான் வந்தது. 17-ஆம் நூற்றாண்டிலேயே காப்பீட்டுக்குச் செலுத்தும் தொகையையும் குறிக்கத் தொடங்கியது. பின்னர் நாணயமோ பங்கோ தன் குறித்த மதிப்புக்கு மேல் விலைபோனால், அந்த மேல்தொகைக்கும் இப்பெயரே வழங்கிற்று. ஆக, பெறுவதைக் குறித்த சொல், கொடுப்பதைக் குறிக்கும் சொல்லாகத் திரும்பிவிட்டது. ஆயினும் அதுவரை அது பெயர்ச்சொல்லே, கையால் எண்ணிப் பார்க்கக்கூடிய ஒரு தொகையின் பெயரே.

அது பெயரடையாகி 'உயர்ந்த தரமுடைய' என்ற பொருளைப் பெற்றது மிகப் பிந்தி, 1925-ஆம் ஆண்டளவில். அப்போது அந்த அடைமொழியைச் சூடிக்கொண்ட பொருள் வெண்ணெய் என்று சொற்பிறப்பு அகராதி குறிக்கிறது. வெண்ணெயிலாவது சுவைத்தும் முகர்ந்தும் தரத்தைச் சொல்லிவிடலாம். கைப்பேசிச் சந்தையில் அந்தத் தொல்லைகூட இல்லை. சந்தை ஆய்வு நிறுவனமான ஐ.டி.சி. கைப்பேசிகளை விலையை மட்டும் வைத்தே வகுக்கிறது: 200 முதல் 400 டாலர் வரை 'தொடக்கநிலைப் பிரீமியம்', 400 முதல் 600 வரை 'இடைநிலைப் பிரீமியம்', 600 முதல் 800 வரை 'பிரீமியம்', அதற்கும் மேலே 'சூப்பர் பிரீமியம்'. ஆய்வாளர்களுக்கு இது வசதியான பகுப்பு. அவர்கள் விலைப்படியைத்தான் அளக்கிறார்கள், அதை மறைக்கவும் இல்லை. ஆனால் அதே சொல் விளம்பரப் பலகைக்கு ஏறியதும், விலை கூடியது என்ற பொருள் மறைந்து, விலை கூடியதாலேயே சிறந்தது என்ற பொருள் ஒட்டிக்கொள்கிறது.

தமிழில் இதற்கு ஈடு தேடுவோர் முதலில் பார்க்க வேண்டிய இடம் மேல்நிலை வகுப்புக் கணக்குப் பதிவியல் பாடநூல். முகமதிப்பு 10 ரூபாய் உடைய பங்கை 12 ரூபாய்க்கு வெளியிட்டால், அதனை 'முனைமத்தில் வெளியிடுதல்' என்று அது சொல்கிறது; மேலே உள்ள 2 ரூபாய்தான் முனைமம். பள்ளிக்கு வெளியே அதிகம் புழங்காத சொல்லாயினும், விளம்பரம் குழப்பிவைத்ததை இது தெளிவாகப் பிரித்துவிடுகிறது. அடிப்படை மதிப்பு ஒன்று, அதற்கு மேல் கொடுப்பது மற்றொன்று. மேலே கொடுத்ததற்கு எது கிடைத்தது என்பது மூன்றாவது. ஒரு கைப்பேசியோ கடிகாரமோ விலைக்குத் தகுமா என்று கேட்பவர் உண்மையில் கேட்க வேண்டியது, அதன் விலையில் முனைமம் எவ்வளவு, அது எதற்காக, என்பதையே.

கணக்கிடும்போது ஓர் எச்சரிக்கை தேவை. கூடுதலாகத் தெரியும் எல்லாமே முனைமம் அல்ல. 2023 செப்டம்பரில் ஐபோன் 15 அமெரிக்காவில் 799 டாலர் என்றும் இந்தியாவில் 79,900 ரூபாய் என்றும் அறிவிக்கப்பட்டது. ஸ்ரீபெரும்புதூரில் பாகங்களைப் பொருத்தி உருவாக்கப்படும் போனுக்கு நம்மிடமே ஏன் இந்த விலை என்று அப்போது பலர் கொதித்தார்கள். இந்திய விலையில் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. அடங்கியிருக்கிறது, அதைக் கழித்தால் ஏறத்தாழ 67,700 ரூபாய். அமெரிக்க விலையோ மாநில வரி சேராத விலை. அந்நாளைய மாற்று விகிதமான 83 ரூபாய் வீதம் அது ஏறத்தாழ 66,300 ரூபாய். வேறுபாட்டின் பெரும்பகுதி வரியாகவே கரைந்துவிடுகிறது. அந்நிறுவனத்தின் இலாப விகிதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியவை வேறு உண்டு. ஆனால் அரசுக்குப் போவதை அதன் கணக்கில் எழுதுவது முறையன்று.

முனைமம் முழுவதும் பொருளின் தோலுக்கே போய்ச் சேர்ந்ததற்கு, 2015-இல் வந்த தங்க ஆப்பிள் வாட்ச்சைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. 18 காரட் தங்க உறையுடன் அது 10,000 முதல் 17,000 டாலர் வரை விற்கப்பட்டது. உள்ளே இருந்த சில்லும் உணரிகளும் 349 டாலர் அலுமினியக் கடிகாரத்தில் இருந்தவையே. 2018-இல் அடுத்த இயங்குதளம் வந்தபோது அந்த முதல் தலைமுறைக் கடிகாரங்கள் அனைத்தும் கைவிடப்பட்டன; தங்கம் என்பதற்காக ஓர் ஆண்டுகூடக் கூடுதலாகக் கிடைக்கவில்லை. அதற்கு முன்பே, நோக்கியா 1998-இல் தொடங்கிய வெர்ட்டு என்னும் உயர்விலைக் கைப்பேசி நிறுவனம் இந்த வழியில் நடந்து காட்டியிருந்தது. விசைகளின் அடியில் மாணிக்கக் கல் தாங்கிகள், நீலமணிப் படிகத் திரை, அழுத்தினால் ஏவலாளரை அழைக்கும் ஒரு பொத்தான். உள்ளே நோக்கியாவின் வழக்கமான மென்பொருள். விசைகள் இலட்சக்கணக்கான அழுத்தங்களைத் தாங்கியிருக்கும்தான். ஆனால் அதற்குள் விசைகளே வேண்டாத காலம் வந்துவிட்டது. பிரிட்டனில் இயங்கிய அந்நிறுவனம் 2017-இல் மூடப்பட்டது. இத்தகைய பொருள்களுக்குத் தமிழில் சரியான அடை 'ஆடம்பரம்'. வடமொழியில் அது முதலில் ஒரு முழவின் பெயர்; பிறகு பேரொலி, அதன்பின் பகட்டு. எழுப்பும் ஓசைக்காக வாங்கப்படும் பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை.

இதற்கு நேர்மாறான இடம் ஒன்றும் உண்டு, அதுவும் எதிர்பாராத இடத்தில். தொலைக்காட்சியையும் செட்-டாப் பெட்டியையும் இணைக்கும் எச்.டி.எம்.ஐ. வடங்களில் 'பிரீமியம் ஹை ஸ்பீட்' என்பது விளம்பரச் சொல் அல்ல, ஒரு சான்றின் பெயர். 2015-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வடம் நொடிக்கு 18 கிகாபிட் தரவைக் கடத்துகிறதா, அக்கம்பக்கத்துக் கருவிகளுக்கு மின்காந்த இடையூறு தருகிறதா என்று சோதித்த பிறகே சிட்டை ஒட்டுவார்கள்; கைப்பேசியால் அதை வருடி உண்மையா போலியா என்று பார்த்துக்கொள்ளலாம். 4கே படத்தை நொடிக்கு 60 சட்டகங்களாகக் காண இதுவே போதும். வேடிக்கை என்னவென்றால், இந்தச் சான்று பெற்ற வடங்கள் விலை கூடியவையாக இருக்க வேண்டும் என்ற தேவையே இல்லை. தங்க முலாம், தடித்த பின்னல் உறை, 'வண்ணங்களில் ஆழம்' என்றெல்லாம் சொல்லிப் பன்மடங்கு விலைக்கு விற்கப்படும் வடங்களில் பல, சிட்டை இல்லாமலே வருகின்றன. இங்கே செல்வது இலக்கக் (டிஜிட்டல்) குறிகை என்பதால் நிலைமை எளிது: பிட்டுகள் சரியாகச் சேர்ந்தால் படம் அனுப்பியபடியே தெரியும்; சேராவிட்டால் திரையில் வெண்புள்ளிகள் மின்னும், அல்லது படம் விட்டுவிட்டு அறும். சிவப்பு இன்னும் சற்றுச் சிவப்பாவதற்கு அதில் வழியே இல்லை. வடம் நீண்டு, கூடத்தின் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்குப் போக வேண்டியிருந்தால், ஒளியிழை வடத்துக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் நியாயம் உண்டு.

காலத்தின் பொருட்டுக் கொடுக்கப்படும் முனைமம் வேறு வகை. எல்.ஜி.யின் 55 அங்குல வளைந்த ஓ.எல்.இ.டி. தொலைக்காட்சி 2013 ஜூலையில் அமெரிக்காவில் 14,999 டாலருக்கு வந்தது. பத்து ஆண்டுகளுக்குள் அதே அளவில், அதைவிடத் தெளிவான திரைகள் அந்த விலையில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே கிடைத்தன. உரோமானியரிடம் முன்னே எடுத்தவனுக்கு ஆதாயம். மின்னணுக் கடையில் முன்னே எடுத்தவன்தான் பின்னே வருபவர்களின் மலிவுக்கும் சேர்த்துக் கொடுக்கிறான். அதில் தவறு காண வேண்டியதில்லை, தெரிந்து கொடுத்தால் சரி.

தாங்கும் காலத்துக்கான முனைமத்தை மட்டும் வகுத்தே பார்த்துவிடலாம். 2024 ஜனவரியில் சாம்சங் கேலக்ஸி எஸ் 24 இந்தியாவில் 79,999 ரூபாய்க்கு வந்தபோது ஏழு ஆண்டுகள் மென்பொருள் புதுப்பிப்புக்கு உறுதி தரப்பட்டது: ஆண்டுக்கு ஏறத்தாழ 11,400 ரூபாய். அதே ஆண்டு அக்டோபரில் அதே நிறுவனத்தின் ஏ 16 5ஜி 18,999 ரூபாய்க்கு ஆறு ஆண்டு உறுதியோடு வந்தது: ஆண்டுக்கு ஏறத்தாழ 3,200 ரூபாய். 'நீண்ட நாள் உழைக்கும், அதனால் விலை கூடியதே சிக்கனம்' என்று கடைக்காரர் சொல்வது இந்தக் கணக்கில் நிற்கவில்லை. எஸ் 24-க்குக் கொடுக்கும் கூடுதல் பணம் உண்மையில் வேறு சிலவற்றுக்கு: தொலைவைக் கிட்டக் கொணரும் தனி வில்லை, மங்கிய ஒளியிலும் நன்கு பிடிக்கும் படக்கருவி, உச்சி வெயிலிலும் படிக்கக்கூடிய திரை, ஆறாம் ஆண்டிலும் திணறாத செயலி. தம் தொழிலுக்குப் படம் எடுப்பவருக்கு இவை பொருளுள்ள வேறுபாடுகள்; அழைப்பும் வாட்ஸ்அப்பும் பணப் பரிமாற்றமுமே பயன்பாடாக உள்ளவருக்கு இவற்றில் பெரும்பாலானவை பெட்டியோடு வந்து பெட்டியோடு போகிறவை. கூடுதலாகச் சேரும் ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் குறைவான பயனே தரும் என்று பொருளியலார் சொல்லும் குறைந்துசெல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதிக்கு இதைவிடக் கைக்கெட்டும் எடுத்துக்காட்டு தேட வேண்டியதில்லை: 8,000 ரூபாய் போனிலிருந்து 18,000 ரூபாய்க்கு ஏறுபவர் ஒவ்வொரு நாளும் வேறுபாட்டை உணர்வார், 80,000 ரூபாயிலிருந்து 1,20,000-க்கு ஏறுபவர் அதைத் தேடிப் பார்த்துத்தான் உணர வேண்டியிருக்கும்.

இனித் தரத்தைக் குறிக்கும் பெயரடைக்கு வருவோம். 'உயர்தர' என்பது பரவலாக எழுதப்படுகிறது. அது தரத்தை உறுதியாகவே சொல்லிவிடுவதால், விலையை மட்டும் குறிக்க வேண்டிய இடத்தில் அதை எழுதுவது விற்பவருக்குச் சான்று எழுதிக் கொடுப்பதாகும். நம் மளிகைக் கடைகளில் வேறொரு சொல் இருக்கிறது: நயம். நயம் துவரம் பருப்பு, நயம் மிளகு என்றால் கல், தூசு, சொத்தை நீக்கிய முதல்தரச் சரக்கு. கடைக்காரர் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பிக் காட்டுவார், வாங்குபவர் ஒரு பருப்பைப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்ப்பார். ஈழத்துப் பேச்சில் இதே சொல்லுக்கு மலிவு என்ற பொருளும் உண்டு; அங்கே நயமாக வாங்கினேன் என்றால் குறைந்த விலைக்கு வாங்கினேன் என்பதே. தரமும் மலிவும் ஒரே சொல்லில் குடியிருப்பது பிரீமியம் என்ற சொல்லால் எண்ணிப் பார்க்கவே முடியாத ஒன்று. 'நயம் கைப்பேசி' என்று எழுதினால் முதலில் சிரிப்பு வரலாம்; கடித்துப் பார்க்க முடிந்த பொருளுக்கு மட்டும் அதைத் தருவது என்று வைத்துக்கொண்டால் அந்தச் சொல் கெடாது.

வழக்குக்குச் சில வரையறைகள். காப்பீட்டில் 'தவணைத் தொகை' என்றோ, ஈழ வழக்கில் 'காப்புறுதிக் கட்டுப்பணம்' என்றோ எழுதலாம். பங்குக்கும் பத்திரத்துக்கும் 'முனைமம்' நிலைபெற்றுவிட்டது. பொருள்களின் விலையில் அடிப்படை மதிப்புக்கு மேல் உள்ள தொகைக்கும் அதையே எடுத்தாளலாம், கடினமென்று தோன்றும் இடத்தில் 'மிகைவிலை' போதும். சந்தைப் பகுப்பைச் சொல்லும்போது 'உயர்விலைக் கைப்பேசி' என்பதே நேர்மையான பெயர், அது தரத்தைப் பற்றி எதுவும் சொல்லாததால். பிரீமியம் தத்கால், பிரீமியம் ஹை ஸ்பீட் போன்றவை திட்டத்தின், சான்றின் பெயர்கள் ஆதலால் அவற்றை மொழிபெயர்க்காமல் அப்படியே எழுதுவதே முறை.