மூட்டைக்குத் தண்டவாளம் கிடையாது

நான் பயிற்சி தரும் ஜிம், காட்பாடியிலிருந்து சித்தூர் போகும் ரோட்டில், கிறிஸ்டியான்பேட்டை செக்போஸ்ட்டுக்குச் சற்று முன்னால், ஓர் அரிசி மண்டியின் மாடியில் இருக்கிறது. வருகிற பையன்களில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். ஒரு மூலையில் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று கேட்டால் இன்னொரு மூலையில் "ஒக்கட்டி, ரெண்டு, மூடு" என்று கேட்கும்.

கீழே மண்டியில் வேலை செய்யும் லோடுமேன் ஒருவர் ஒருநாள் மாடிக்கு வந்தார். நாற்பது வயது இருக்கும், ஒல்லியான உடம்பு. லெக் பிரஸ் மெஷினில் உட்காரவைத்து 120 கிலோ போட்டேன். எட்டாவது முறை தள்ளும்போது தொடை நடுங்கி நின்றுவிட்டது. பக்கத்தில் ஒரு கல்லூரிப் பையன் அதே மெஷினில் 200 கிலோவைச் சாதாரணமாகத் தள்ளிக்கொண்டிருந்தான். அதே வாரம் அந்தப் பையன் ஆசைப்பட்டு, லாரியிலிருந்து 50 கிலோ அரிசி மூட்டை ஒன்றைத் தோளில் வாங்கினான். இரண்டு படி ஏறுவதற்குள் மூட்டை ஒரு பக்கம் சரிய, அவனும் கூடவே சரிந்தான். லோடுமேன் ஓடிவந்து தாங்கினார். "தம்பி, மூட்டைய இழுக்காத. அதுக்கு அடியில நீ போ" என்றார்.

யாருடைய கால் வலுவானது என்று அன்று மாலை ஜிம்மில் பெரிய வாக்குவாதம். மெஷின் நல்லதா, டம்பெல், பார்பெல் (இரு முனையிலும் எடை மாட்டிய நீளக் கம்பி) நல்லதா என்று என்னிடம் வாரத்துக்கு நாலு பேர் கேட்கும் கேள்வியும் இதுதான். வலு என்று ஒரே சொல்லில் நாம் சொல்வதற்குள் இரண்டு வேறு விஷயங்கள் இருப்பதால்தான் இந்தக் குழப்பம்.

முதலாவது, தசை. தசைக்குக் கண் கிடையாது. தன்னை இழுப்பது பார்பெல்லா, கேபிளா, அரிசி மூட்டையா என்று அதற்குத் தெரியாது. அதற்குத் தெரிவது இழுவிசை மட்டும். ஒரு தசைக்குள் நரம்பு வழியாக இயங்கும் நார்க்கட்டுகள் பல உண்டு. லேசான வேலைக்குச் சிறிய கட்டுகள் மட்டும் விழிக்கும். சுமை கூடக் கூட, அல்லது களைப்பு ஏற ஏற, பெரிய கட்டுகளும் வரிசையாகச் சேர்ந்துகொள்ளும். எல்வுட் ஹென்னமன் என்ற உடலியலாளர் 1957-ல் எடுத்துச்சொன்ன ஒழுங்கு இது. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது, கடைசி இரண்டு மூன்று முறைகளில் முகம் சுளிக்கிறதே, அப்போதுதான் பெரிய கட்டுகள் முழுமூச்சாக வேலை செய்கின்றன. அந்த இடம்வரை போனால் தசை வளரும், எந்தக் கருவியில் போனாலும்.

இரண்டாவது, அந்தத் தசைகளை நடத்தும் மூளையும் நரம்பும். புதிதாகச் சேர்ந்தவர் முதல் சில வாரங்களில் மடமடவென்று எடை கூட்டுவார், கையைச் சுற்றி டேப் வைத்தால் அளவு கூடியிருக்காது. மோரிடானியும் டிவிரீஸும் 1979-ல் இதை அளந்து காட்டினார்கள்: தொடக்கத்தில் வரும் வலுவில் பெரும்பங்கு நரம்பு கற்றுக்கொண்டது, தசை பருப்பது பிறகுதான் முன்னுக்கு வருகிறது. எந்தத் தசை எப்போது சுருங்கவேண்டும், எது தளரவேண்டும், இடுப்பு எந்தக் கணத்தில் இறுகவேண்டும் என்று நரம்பு பழகுகிறது. பழகியதை அது அந்த அசைவோடு சேர்த்தே வைத்துக்கொள்கிறது. லோடுமேனுக்கு மூட்டை பழக்கம், பையனுக்கு மெஷின் பழக்கம். இருவரும் அவரவர் படித்த பாடத்தில்தான் தேறினார்கள்.

காட்பாடி ஜங்ஷனில் ரயில் போவதைப் பார்த்திருப்பீர்கள். டிரைவர் வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். வண்டியைத் திருப்புகிற வேலை அவருக்கு இல்லை, தண்டவாளம் பார்த்துக்கொள்ளும். சைக்கிள்காரர் மிதிக்கவும் வேண்டும், விழாமலும் இருக்கவேண்டும். மெஷின் தண்டவாளம் போட்ட எடை. உங்கள் சக்தி பெரும்பாலும் தள்ளுகிற தசைகளுக்கே போகும். பார்பெல்லில் ஒரு பங்கு, முதுகையும் இடுப்பையும் கணுக்காலையும் நிலைநிறுத்தப் போய்விடும். பார் தண்டவாளத்தில் மட்டும் ஏறி இறங்கும் ஸ்மித் மெஷினில் செய்த ஸ்குவாட்டையும் (தோளில் எடையோடு உட்கார்ந்து எழுவது) வெறும் பார்பெல் ஸ்குவாட்டையும் 2009-ல் ஒப்பிட்ட ஓர் ஆய்வில், பார்பெல்லில் தசைகளின் மின்னியக்கம் சராசரியாக 43 சதவீதம் கூடுதலாக இருந்தது. பங்கெடுத்தவர்கள் ஆறே பேர் என்பதால் அந்த எண்ணை நான் கெட்டியாகப் பிடித்துக்கொள்வதில்லை. ஆனால் போகிற திசை சரிதான்.

இனி இயற்பியல். எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கையில் 10 கிலோ டம்பெல்லை எடுத்து, முழங்கையை மடக்கி, முன்கையைத் தரைக்குச் சமமாகப் பிடியுங்கள். முழங்கையிலிருந்து டம்பெல் சுமார் 30 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. பைசெப்ஸ் தசை எலும்பைப் பிடித்திருக்கும் இடமோ முழங்கையிலிருந்து ஏறத்தாழ 4 சென்டிமீட்டர்தான். கதவைக் கீலுக்குப் பக்கத்தில் கைவைத்துத் தள்ளுவது போன்ற நிலைமை இது. 30-ஐ 4-ஆல் வகுத்தால் ஏழரை. அந்தக் கணத்தில் தசை இழுப்பது 75 கிலோ எடைக்குச் சமமான விசை. அதே டம்பெல்லைக் கீழே தொங்கவிடுங்கள். எடை அதேதான், பைசெப்ஸுக்கு வேலையே இல்லை. புவியீர்ப்பு கீழ்நோக்கி மட்டும் இழுப்பதால், எடைக்கும் மூட்டுக்கும் உள்ள கிடைத்தூரம் மாற மாறத் தசையின் சுமையும் மாறுகிறது. நம் ஊர்க் கர்லாக்கட்டை கையிலேயே இவ்வளவு கனப்பதும் இதனால்தான். அதன் கனமெல்லாம் பிடியிலிருந்து தள்ளி, தலைப்பக்கம் இருக்கிறது.

இந்த ஏற்ற இறக்கத்தைச் சரிசெய்யத்தான் அமெரிக்காவில் ஆர்தர் ஜோன்ஸ் 1970-ல் நாட்டிலஸ் மெஷினைக் கொண்டுவந்தார். அதன் சக்கரம் வட்டமாக இருக்காது, சங்குபோல் ஒரு பக்கம் பெருத்திருக்கும். சுழலும்போது அச்சிலிருந்து சங்கிலிக்கு உள்ள தூரம் கூடிக் குறைந்து, தசை வலுவாக இருக்கும் கோணத்தில் அதிகச் சுமையையும் தளர்ந்திருக்கும் கோணத்தில் குறைந்த சுமையையும் தரும்.

மெஷினில் எழுதியிருக்கும் எண்ணை மட்டும் நம்பிப் பெருமைப்படாதீர்கள் என்று பையன்களிடம் சொல்வேன். 45 டிகிரி சாய்ந்த லெக் பிரஸ்ஸில் 100 கிலோ போட்டால், சரிவின் வழியாக உங்கள் காலுக்கு வருவது சுமார் 71 கிலோ. கேபிள் மெஷினில் நகரும் கப்பி ஒன்று இருந்தால் சுமை பாதியாகிவிடும். பார்பெல் எந்த ஊரிலும் ஒரே கனம்.

இன்னொரு வேறுபாடு, பாதை. எங்கள் பக்கத்து ஊரான சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ, 2018 கோல்டு கோஸ்ட் காமன்வெல்த் போட்டிகள் இரண்டிலும் 77 கிலோ பிரிவில் தங்கம் வென்றார். கிளாஸ்கோவில் அவர் ஸ்னாட்ச் முறையில், அதாவது தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல், தூக்கியது 149 கிலோ. அப்படித் தூக்கும்போது பக்கத்திலிருந்து பார்த்தால் பார் நேர்க்கோட்டில் ஏறாது. உடம்பை ஒட்டி லேசாக வளைந்து நெளிந்து போகும். மல்லாந்து படுத்துத் தள்ளும் பெஞ்ச் பிரஸ்ஸிலும் பார் நெஞ்சின் கீழ்ப்பகுதியில் தொடங்கித் தோளுக்கு மேலே போய் நிற்கிறது. ஸ்மித் மெஷின் இந்த வளைவை நிமிர்த்தி, தோள் மூட்டைத் தன் கோட்டுக்கு வரச்சொல்கிறது. சிலருக்கு ஒன்றும் ஆகாது, சிலருக்குத் தோள் வலிக்கும். வலித்தால் விட்டுவிடுங்கள்.

2023-ல் வெளிவந்த தொகுப்பாய்வு ஒன்று 13 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. தசை வளர்ச்சியில் மெஷினுக்கும் டம்பெல், பார்பெல்லுக்கும் வேறுபாடு தெரியவில்லை. வலுவில் மட்டும், எதில் பழகினார்களோ அதில் சோதித்தபோது கூடுதலாகத் தேறினார்கள்.

மெஷின் பிறந்ததே நோயாளிகளுக்காகத்தான் என்பது நம் பையன்களுக்குத் தெரியாது. குஸ்தாவ் சாண்டர் என்ற மருத்துவர் 1865-ல் ஸ்டாக்ஹோமில் நெம்புகோலும் எடையும் வைத்துச் சிகிச்சை நிலையம் திறந்தார். 1990-ல் மரியா ஃபியாட்டரோனும் குழுவினரும் 86 முதல் 96 வயதுள்ள பத்து முதியவர்களை மெஷினில் காலை நீட்டிப் பயிற்சி செய்யவைத்தார்கள். எட்டு வாரத்தில் தொடை வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொண்ணூறு வயதில்! தள்ளாடுகிறவர் கையில் பார்பெல்லைக் கொடுக்க முடியாது. மெஷினில் அவர் விழமாட்டார். முடியாவிட்டால் காலை எடுத்துவிடலாம், எடை அதன் இடத்துக்குப் போய்விடும்.

எங்கள் தெருவில் பூ விற்கும் அம்மா ஒருவர், அறுபதைத் தாண்டியவர், தரையில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை என்று வந்தார். உட்கார்ந்து காலை நீட்டும் லெக் எக்ஸ்டென்ஷன் மெஷினில் தொடங்கினோம். இரண்டாம் வாரம் முழங்கால் வலி என்றார். தவறு என்னுடையது. மெஷினின் அச்சும் அவருடைய முழங்கால் மடிப்பும் ஒரே நேரில் இல்லை. உயரமானவர்களுக்கு வைத்த சீட்டை நான் முன்னுக்கு நகர்த்தவில்லை. முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை வைத்ததும் வலி நின்றது. மெஷினில் ஏறும் யாரும் எடையைப் போடுமுன் அந்த அச்சைப் பாருங்கள்.

மூன்று மாதத்தில் 5 கிலோவிலிருந்து 20 கிலோவுக்கு வந்தார். தொடை வலுத்துவிட்டது, ஆனால் தரையிலிருந்து அப்போதும் எழ முடியவில்லை. முன்னால் சாயவேண்டும், பாரத்தைப் பாதத்துக்கு மாற்றவேண்டும், ஆடாமல் நிமிரவேண்டும்; நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டியதில் இதெல்லாம் வரவில்லை. உயர ஸ்டூலில் உட்கார்ந்து எழச் சொன்னேன், பிறகு தாழ்ந்த ஸ்டூல், பிறகு மணை. கையில் முதலில் ஒன்றுமில்லை, பிறகு பாதித் தண்ணீர் ஊற்றிய குடம். தண்ணீர் தளும்பும்போதெல்லாம் இடுப்பு தானாக இறுகுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். தொடை முன்பே வலுத்திருந்ததால் இதற்கு ஐந்தே வாரம் ஆனது.

லோடுமேன் இப்போதும் வருகிறார். லெக் பிரஸ் மட்டும்தான் செய்யச் சொல்லியிருக்கிறேன். பகல் முழுக்க முதுகில் மூட்டை சுமக்கிறவருக்குச் சாயங்காலம் தோளில் பார்பெல் வேண்டாம். மெஷினில் முதுகை ஓயவிட்டுக் காலை மட்டும் வளர்க்கலாம். கல்லூரிப் பையன் ஒரு சாக்கில் 25 கிலோ மணல் கட்டிக்கொண்டுவந்திருக்கிறான். அதற்கு அடியில் எப்படிப் போவதென்று லோடுமேன்தான் சொல்லிக்கொடுக்கிறார்.