எந்தப் பக்கம் அடக்குவீர்கள், பாட்டி?

“இது வெறும் இலைதானே டாக்டரம்மா. நான் என்ன சிகரெட்டா குடிக்கிறேன்?”

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் இருக்கும் என் பல் கிளினிக்கில் இதைக் கேட்காத மாதம் கிடையாது. சொல்பவர்கள் பெரும்பாலும் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவி ஓய்ந்த பாட்டிகள். விடியுமுன் வெற்றிலையோடு ஒரு துண்டுப் புகையிலையைக் கடைவாயில் அடக்கிக்கொண்டால் பசி தெரியாது, தூக்கமும் வராது. அந்தக் காலத்து வேலை அப்படி. அதனால் நான் திட்டுவதில்லை, அந்த இலையின் கதையைத்தான் சொல்கிறேன்.

வெற்றிலையும் பாக்கும் நமக்கு ரொம்பப் பழையவை. பினாங்கு என்ற பெயரே பாக்குமரத்திலிருந்து வந்ததுதான். புகையிலை அப்படியல்ல. அது தென் அமெரிக்கச் செடி. 1492-இல் கொலம்பஸ் அந்தப் பக்கம் போன பிறகுதான் மற்ற கண்டங்கள் அதைப் பார்த்தன. போர்த்துக்கீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்து ஏறத்தாழ 400 ஆண்டுகள்தான் ஆகின்றன. வேதாரண்யமும் யாழ்ப்பாணமும் புகையிலைக்குப் பேர் வாங்கியதெல்லாம் அதற்கப்புறம். சங்க காலத்துப் பாட்டியிடம் நீட்டியிருந்தால் என்ன இலை என்று கேட்டிருப்பார்.

பூச்சி தின்றுவிடாமல் இருக்கச் செடி தனக்குத்தானே செய்துகொண்ட விஷம்தான் நிக்கோட்டின். வேரில் உண்டாகி இலைக்கு ஏறுகிறது. பூக்கொத்து வந்ததும் விவசாயி நுனியைக் கிள்ளிவிடுவார், பக்கத்தில் வெடிக்கும் சிம்புகளையும் ஒடித்துவிடுவார். விதைக்குப் போகவேண்டிய சத்து இலைக்குத் திரும்பும். இலை தடிக்கும், நிக்கோட்டினும் கூடும். பாட்டி கடையில் தேடி வாங்கும் ‘காட்டமான போயிலை’ இப்படித்தான் உருவாகிறது. பனி ஈரத்தோடு பச்சை இலையைப் பறிப்பவர்களுக்குத் தோல் வழியாகவே நிக்கோட்டின் ஏறி, தலைசுற்றி வாந்தி வருவதும் உண்டு.

பல் டாக்டராக எனக்கு அதிகம் உறுத்துவது அடுத்த கட்டம், பாடம் செய்வது. இலையைக் காயவைத்து, குவித்து மூடிப் புழுங்க விடும்போது நுண்ணுயிர்கள் இலையிலுள்ள நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அது நிக்கோட்டினோடும் அதன் உறவுப் பொருள்களோடும் சேர்ந்து நைட்ரோசமைன்கள் ஆகிறது. புற்றுநோயைக் கிளப்புபவை இவை. பச்சை இலையில் இவை மிகக் குறைவு. நல்ல வாசம் வரும்வரை பாடம் செய்கிறார்களே, அந்த நேரத்தில்தான் பெருகுகின்றன. ஆக, ‘வெறும் இலை’ என்ற பேச்சு வயலோடு முடிந்துபோகிறது. வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பும் சும்மா இருப்பதில்லை. அதன் காரத்தன்மையால் நிக்கோட்டின் கன்னத்துச் சதை வழியாகச் சட்டென்று ரத்தத்தில் கலக்கிறது. விட முடியாமல் தவிப்பது பாட்டியின் மனபலக் குறைவால் அல்ல.

ஒரு தாத்தா என்னை மடக்கினார்: “கெட்டதுன்னா கவர்மெண்ட் ஏன் பயிரிட விட்டுச்சு?” நியாயம்தான். கிளந்தான் மாநிலத்து மணல்பாங்கு நிலங்களில் புகையிலை ஒரு காலத்தில் பெரிய வருமானம். 1973-இல் அதற்கென்றே தேசியப் புகையிலை வாரியம் அமைந்தது. 2010-இல் அதன் பெயரில் கெனாஃப் என்ற நார்ப்பயிரும் சேர்ந்தது. அப்புறம் பேச்செல்லாம் கெனாஃப் பக்கம் திரும்பிவிட்டது.

“சரி, போயிலையை விட்டுட்டு வெத்தலை பாக்கு மட்டும் போடலாமா?” இது அடுத்த கேள்வி. வருத்தமான பதில்தான்: பாக்கும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் வெளியிட்ட அறிக்கையில் உறுதியாகச் சொல்லிவிட்டது. வாயின் உட்சதை நார்போல் இறுகுவதற்கும் பாக்குதான் காரணம். மூன்று விரலை நெட்டாக வைக்கும் அளவு வாய் திறக்கவில்லையென்றால் உடனே காட்டுங்கள். இரண்டு வாரத்தில் ஆறாத புண், துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு இருந்தாலும் அப்படியே. வலி இல்லை என்று தள்ளிப்போடாதீர்கள், ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது.

பாட்டிகள் நாற்காலியில் சாய்ந்ததும் நான் முதலில் கேட்பது, “எந்தப் பக்கம் அடக்குவீங்க?” என்றுதான். விளக்கை அங்கேதான் முதலில் திருப்புவேன். திட்டு இருந்தால் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.