பெறுமானம் காணல்: இருபடிச் சார்பை முன்வைத்து ஒரு சொல் விளக்கம்

திருகோணமலையில் க.பொ.த. சாதாரண தரத்துக்குப் படிக்கும் எந்தப் பிள்ளையின் கணிதக் கொப்பியைத் திறந்தாலும் ‘பெறுமானம் காண்க’ என்பது கண்ணில் படும். ஆங்கிலத்தின் ‘இவாலுவேட்’ என்ற சொல்லைப் பெயர்க்கும் இயந்திர மொழிபெயர்ப்புகளோ அந்த இடத்தில் ‘மதிப்பிடுக’ என்கின்றன. இது பிள்ளைகளைக் குழப்பும். கிண்ணியாவில் கரைக்கு வந்த மீனைப் பார்த்து இத்தனை கிலோ இருக்கும் என்று சொல்வதுதான் மதிப்பிடல், அது உத்தேசம். சார்பு என்பது ஓர் எண்ணைக் கொடுத்தால் ஒரே ஒரு விடையைத் தரும் விதி; அது தரும் விடையில் உத்தேசத்துக்கு இடமில்லை.

பெறு என்ற வினையோடு அளவைக் குறிக்கும் மானம் சேர்ந்தது பெறுமானம். இதன் உடன்பிறப்பான பெறுமதியைப் பெறுமதி சேர் வரியில் நாள்தோறும் காண்கிறோம். காணிக்கும் நகைக்கும் பெறுமதி, எண்ணுக்குப் பெறுமானம் என்ற பாகுபாடு நல்லது. அதைக் கைவிடக் கூடாது. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘மதிப்பு காண்க’ என்கின்றன, அதிலும் பிழையில்லை.

சார்பு என்ற சொல்லில் தமிழ் தன் வழியே சென்றிருக்கிறது. ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் பங்ஷன் என்ற சொல்லின் லத்தீன் வேர் ‘செய்து முடித்தல்’ என்று பொருள்படும். அதைக் கணிதத்துக்குள் கொண்டுவந்தவர் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் கணித அறிஞர் லைப்னிட்ஸ். அடைப்புக்குறிக்குள் மாறியை, அதாவது எண்ணுக்குப் பதிலாக நிற்கும் எழுத்தை, எழுதும் குறியீடு 1734இல் இன்னொரு கணித அறிஞரான ஆய்லர் தந்தது. தமிழோ செயலை விட்டு உறவைப் பிடித்தது: ஒன்றைச் சார்ந்து மற்றொன்று. இலக்கணத்தில் சார்பெழுத்து என்பதும் இதே வேரில் பிறந்ததே.

இருபடிக்கு நீண்ட விளக்கம் வேண்டாம். மாறியின் மிக உயர்ந்த அடுக்கு இரண்டு. லத்தீனில் இதன் பெயர் நான்கு பக்கச் சதுரத்திலிருந்து வந்ததால் நான்கின் சாயல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தமிழில் அந்தச் சிக்கல் இல்லை.

இனிச் செய்முறை. மாறி இருக்கும் இடமெல்லாம் தரப்பட்ட எண்ணை வைப்பதற்குப் பிரதியிடல் என்று பெயர். ச(ம) = ம² − 4ம + 1 என்க. ம = −2 ஆகும்போது பெறுமானம் என்ன? எண்ணை அடைப்புக்குறியோடு எழுத வேண்டும்:

ச(−2) = (−2)² − 4(−2) + 1 = 4 + 8 + 1 = 13

அடைப்புக்குறியை விட்டுவிட்டு −2² என்று எழுதினால் முதல் உறுப்பு −4 ஆகிவிடும். −4(−2) என்பதும் −8 ஆனால் விடை −11இல் போய் நிற்கும். பரீட்சையில் வரைபு வரையும்போது ஒரு புள்ளி மட்டும் வளைகோட்டை விட்டு விலகி நிற்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். சரிபார்க்க எளிய வழி உண்டு. இந்தச் சார்பின் வளைகோட்டை ஒத்த இரு பாதிகளாகப் பிரிக்கும் கோடான சமச்சீர் அச்சு ம = 2. அதற்கு இப்புறம் நான்கு அலகு தள்ளி −2 இருக்கிறது, அப்புறம் நான்கு அலகு தள்ளி 6 இருக்கிறது. ச(6) = 36 − 24 + 1 = 13. இரண்டும் ஒத்துப்போகின்றன.

எல்லா எண்ணையும் பிரதியிடலாமா? கோணேசர் கோயில் அமைந்த சுவாமி மலையின் செங்குத்துச் சரிவில், கடலுக்கு 100 மீற்றர் மேலிருந்து ஒரு கல் விழுவதாகக் கொள்வோம். ந செக்கனில் அதன் உயரம் ஏறத்தாழ உ(ந) = 100 − 5ந². உ(3) = 100 − 45 = 55 மீற்றர். உ(5) = −25. கணக்கில் பிழையில்லை, ஆனால் கல் நாலரைச் செக்கனுக்குள் கடலைத் தொட்டுவிட்டது. அதன்பின் இந்தச் சார்பு அந்தக் கல்லுக்குப் பொருந்தாது.