சோலோ: தனியா, தனிமையா?

ஒரு பாடகர் இசைக்குழுவை விட்டு விலகினால் 'சோலோவாகப் போய்விட்டார்' என்று எழுதுகிறோம். கோபித்துக்கொண்டு தனிக்குடித்தனம் போனவரைப் பற்றிச் சொல்வதுபோல அது ஒலிக்கிறது. சோலோ என்ற சொல்லுக்குள் இந்தப் பிரிவு முதலில் கிடையாது.

சொல் இத்தாலிய மொழியுடையது. அதன் தாய் லத்தீனில் உள்ள சோலுஸ்; தன்னந்தனி என்று பொருள். அதே வேரிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன மற்ற பிள்ளைகளைப் பார்த்தால் மனம் கொஞ்சம் கனக்கும். சோலிட்யூட் என்றால் தனிமை. டெசொலேட் என்றால் ஆளரவமற்றுப் பாழடைந்து கிடப்பது. முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இருப்பவரைக் குறிக்கும் சல்லன்கூட இந்தக் குடும்பம்தான். இத்தனை துயரத்துக்கு நடுவே மகிழ்ச்சியாகப் பிழைத்த ஒரே பிள்ளை, இசைக்குள் நுழைந்த சோலோ.

இத்தாலிய இசைக்குறிப்பில் சோலோவுக்கு எதிரில் தூத்தி என்ற சொல் வரும். எல்லோரும் என்று பொருள். சோலோ என்று குறித்த இடத்தில் ஒருவர் வாசிப்பார். தூத்தி என்று வந்ததும் எல்லோரும் சேர்ந்துகொள்வார்கள். ஆக, சோலோ என்பது கூட்டத்துக்குள் ஒருவருக்குக் கிடைக்கும் முறை. மற்றவர்கள் எழுந்து போய்விடுவதில்லை, பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தப் பழைய பொருளுக்குப் பாடகர் மிட்ஜ் யூரின் இசை வாழ்க்கையைவிட நல்ல உரை எனக்குத் தெரிந்து இல்லை. 1953இல் கிளாஸ்கோவை ஒட்டிய கேம்பஸ்லேங்கில் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர். இயற்பெயர் ஜேம்ஸ், சுருக்கமாக ஜிம். சேர்ந்த குழுவில் ஏற்கெனவே ஒரு ஜிம் இருந்ததால் பெயரைத் திருப்பிப் போட்டு மிஜ் ஆக்கினார்கள். அதுதான் மிட்ஜ் என்று நிலைத்தது. அவர் பெயரே ஒரு குழு கொடுத்ததுதான்!

அந்தக் குழு பின்னால் ஸ்லிக் ஆனது. 1976 பிப்ரவரியில் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அப்புறம் ரிச் கிட்ஸ், விசாஜ், நடுவில் தின் லிஸ்ஸியுடன் ஒரு சுற்றுப்பயணம். அல்ட்ராவாக்ஸ் குழுவின் பாடகர் ஜான் ஃபாக்ஸ் 1979இல் விலகித் தனியே பாடப் போனார். அந்த இடத்துக்குத்தான் யூர் வந்தார். ஒருவருடைய சோலோ இன்னொருவருக்குக் குழுவைக் கொடுத்தது.

1980இல் அவர்கள் பதிவுசெய்த 'வியன்னா' பாடலின் நடுப்பகுதியைக் கேளுங்கள். யூரின் குரல் நின்றுவிடும். தாளம் விரைவெடுக்கும். குழுவில் இருந்த பில்லி கரி வயோலாவைக் கையில் எடுப்பார். வயலினைவிடச் சற்றுப் பெரிய, குரல் தடித்த வாத்தியம் அது. இத்தாலியர்கள் குறித்த சோலோ இதேதான். அது முடிந்து யூரின் குரல் திரும்பி வரும்போது, பாட்டு முன்பிருந்ததைவிடப் பெரிதாகியிருக்கும். 1981இன் தொடக்கத்தில் நான்கு வாரம் இரண்டாம் இடத்தில் இருந்தும் முதலிடத்துக்குப் போகாத பாட்டு. இன்றுவரை அந்தக் குழுவைச் சொன்னால் முதலில் நினைவுக்கு வருவதும் அதுதான்.

சரி, இப்போது தமிழுக்கு வருவோம்.

சோலோவுக்குத் 'தனிப்பாடல்' என்று பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. தமிழ் இலக்கியத்தில் தனிப்பாடல் என்றால் எந்த நூலுக்குள்ளும் அடங்காமல் தானே நிற்கும் செய்யுள். அந்த இடம் ஏற்கெனவே நிரம்பிவிட்டது. போதாததற்கு, ஒரே பாட்டாக வெளிவரும் 'சிங்கிள்' என்பதற்கும் அதையே வைக்கிறோம். 'தனிமை இசை' என்று எழுதினால் வேறு திசைக்குப் போய்விடும். 'புலம்பே தனிமை' என்கிறது தொல்காப்பியம். புலம்பு என்ற சொல்லுக்கு அங்கே பொருள் தனிமை. இன்று அது புலம்பலாகிவிட்டது. தனிமையிலிருந்து அழுகைக்குப் போகும் வழி லத்தீனில் இருந்ததுபோலத் தமிழிலும் இருந்திருக்கிறது.

ஆனால் 'தனி' என்ற வேர்ச்சொல்லுக்கு இன்னொரு முகம் உண்டு. வள்ளலார் 'தனிப்பெருங்கருணை' என்றபோது கருணை ஆளில்லாமல் நிற்கிறது என்றா சொன்னார்? ஒப்பில்லாத கருணை என்றார். தனித்தன்மை என்கிறோமே, அந்தத் தனி.

இதைவிடப் பொருத்தமான சொல்லைக் கச்சேரி மேடை பல காலமாக வைத்திருக்கிறது: தனி ஆவர்த்தனம். ஆவர்த்தனம் வடசொல், தாளத்தின் ஒரு சுற்று. ரசிகர்கள் வெறுமனே 'தனி' என்றே சொல்வார்கள். பாட்டின் ஓர் இடத்தில் பாடகர் நிறுத்திக்கொள்ள, மிருதங்கம் தொடங்கும். பாடகர் கையால் தாளம் போட்டுக்கொண்டிருப்பார். கடமும் கஞ்சிராவும் இருந்தால் முறை மாறி மாறி வரும், கடைசியில் கோர்வை என்ற முத்தாய்ப்பான தாளக் கோவையைச் சேர்ந்தே முடிக்கும். பெயரில்தான் தனி, உள்ளே பகிர்வு. ஆகவே ஒரு பாட்டுக்குள் வரும் கிட்டார் சோலோவுக்குக் 'கிட்டார் தனி' என்பேன். ஒருவர் தன் பெயரில் வெளியிடும் ஆல்பத்துக்குத் 'தனித்தொகுப்பு', அவருக்குத் 'தனிக்கலைஞர்'. 'தனியாகப் போய்விட்டார்' வேண்டாம், 'தன் பெயரில் பாடினார்' என்று எழுதினாலே போதும்.

யூர் தன் பெயரில் பாடியதைக் கவனித்தால் இது இன்னும் தெளியும். 1985இல் 'இஃப் ஐ வாஸ்' பாடல் முதலிடம் பிடித்தது. அட்டையில் அவர் பெயர் மட்டும். ஆனால் எழுதியதில் டேனி மிட்செல் கூட இருந்தார்; பேஸ் கிட்டார் வாசித்தவர் லெவல் 42 குழுவின் மார்க் கிங்.

அதற்கு முந்தைய ஆண்டு நடந்தது இதற்கு நேர்மாறு. எத்தியோப்பியப் பஞ்சத்துக்கு நிதி திரட்ட அவரும் அயர்லாந்துப் பாடகர் பாப் கெல்டாஃபும் ஒரு கிறிஸ்துமஸ் பாட்டு எழுதினார்கள். 1984 நவம்பர் 25 அன்று லண்டனில் அன்றைய பெரிய பாடகர்கள் பலர் ஒரே கூடத்தில் நின்று பாடினார்கள். பிரிட்டனில் முப்பது லட்சத்துக்கும் மேல் விற்ற தட்டு அது. அத்தனை பேர் பாடிய அந்தப் பாட்டின் பின்னணி இசையில் பெரும்பகுதியை யூர் அதற்கு முன்பே வீட்டு ஒலிக்கூடத்தில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து செய்து வைத்திருந்தார்.

அந்தக் கூட்டத்துக்கு வைத்த பெயர் பேண்ட் எய்ட். எய்ட் என்றால் உதவி. பேண்ட் என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் இரண்டு பொருள்: கட்டும் பட்டை, மனிதக் குழு. குழு என்ற பொருள் முதலில் ஆயுதம் ஏந்திய கூட்டத்துக்கே உரியது. படையோடு போன வாத்தியக்காரர்கள் வழியாக இசைக்கு வந்தது. காயத்துக்கு ஒட்டும் 'பேண்ட்-எய்ட்' பிளாஸ்திரியின் பெயரோடு சேர்த்து இரண்டு பொருளையும் அந்தப் பெயர் ஒன்றாகப் பிடித்துக்கொண்டது. தமிழில் அந்தச் சிலேடை வராது. ஊர்வலத்தில் போவது நமக்குப் பேண்டு செட், கூத்து ஆடுவது ஜமா, மேடையில் நிற்பது இசைக்குழு.

கச்சேரியில் தனி முடிந்ததும், விட்ட இடத்திலிருந்து பாடகர் மறுபடி எடுப்பார். அல்ட்ராவாக்ஸை விட்டு இருபது ஆண்டுக்கும் மேலான பிறகு, 2009இல் யூர் அதே பழைய கூட்டாளிகளோடு மேடை ஏறினார். 2012இல் நால்வரும் சேர்ந்து 'பிரில்லியன்ட்' என்ற புதிய தொகுப்பையும் வெளியிட்டார்கள்.