பிசிடி என்றால் 'ஆணி இடைவெளி' இல்லை

"ஆணி இடைவெளி அளந்துட்டேன் மாமா, 108 சொச்சம் வருது" என்று தேவகோட்டையிலிருந்து அக்கா மகன் போன் செய்தபோதே எனக்குச் சுருக்கென்றது. அதற்குள் அவன் காரைக்குடியில் பழைய அலாய் சக்கரம் நாலு வாங்கிக் காரில் ஏற்றி வந்துவிட்டான். வண்டி இன்னோவா. வீட்டில் வைத்து மாட்டிப் பார்த்தால் ஒரு ஸ்டட் (சக்கரத்தைப் பிடிக்கும் மரையாணி) துளைக்குள் நுழைகிறது, மற்றவை முட்டிக்கொண்டு நிற்கின்றன.

குற்றம் அவனுடையது இல்லை. கார் வீடியோக்களிலும் விற்பனைப் பட்டியல்களிலும் பிசிடியை 'ஆணி இடைவெளி' என்று யாரோ ஆரம்பித்து வைத்தார்கள். இப்போது எங்கு பார்த்தாலும் அதுதான்.

பிசிடி என்பது பிட்ச் சர்க்கிள் டயாமீட்டர். சக்கரத்தைப் பிடிக்கும் ஸ்டட்களின் நடுப்புள்ளிகள் எல்லாம் ஒரு கற்பனை வட்டத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். அந்த வட்டத்தின் விட்டம்தான் பிசிடி. ஸ்டட் என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் தூண், கால் என்று பொருள். நம் வளவு வீட்டுத் தேக்குத் தூணை நினைத்துக்கொள்ளலாம். பொலிகுதிரையைக் குறிக்கும் ஸ்டட் பழைய ஆங்கிலத்தின் வேறொரு சொல்லிலிருந்து வந்தது. அகராதியில் இரண்டும் அடுத்தடுத்து இருப்பதால் 'ஸ்டட் பேட்டர்ன்' என்பதை 'வீரிய அமைப்பு' என்று மொழிபெயர்த்த புண்ணியவான்களும் உண்டு. அவர்களை விட்டுவிடலாம், சிரித்துவிட்டுப் போகிற தப்பு அது.

'ஆணி இடைவெளி' அப்படியில்லை. பார்த்தால் சரி மாதிரியே இருக்கும். பற்சக்கரத்தில் பல்லுக்குப் பல் உள்ள தூரமும் பிட்ச்தான். மொழிபெயர்த்தவர் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு வட்டத்தையும் விட்டத்தையும் கழற்றிப் போட்டுவிட்டார். நாலு துளைச் சக்கரத்தில் எதிரெதிர்த் துளைகளை அளந்தால் தப்பித்துக்கொள்ளலாம். ஸ்விஃப்டுக்கு 100 மில்லிமீட்டர் சரியாக வரும். ஆனால் 'இடைவெளி' என்று கேட்டவன் பக்கத்துத் துளையைத்தானே அளப்பான்? 70.7 வரும். ஐந்து துளையில் எதிரே துளையே கிடையாது. இன்னோவாவின் பிசிடி 114.3, அதாவது நாலரை அங்குலம். பக்கத்துத் துளைக்கு அளந்தால் 67.2, ஒன்று விட்டு அளந்தால் 108.7. இங்கேதான் வினை. 108 என்று ஓர் அளவு நிஜமாகவே இருக்கிறது. வால்வோ கார்களில் வரும். பையன் ஒன்று விட்டு அளந்தான், 108 கேட்டான், கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். அளந்த அந்த எண்ணை 1.0515ஆல் பெருக்கியிருந்தால் 114.3 கிடைத்திருக்கும். ஆனால் 'இடைவெளி' என்ற சொல் பெருக்கச் சொல்லவில்லையே.

இன்னொன்று. ஸ்டட்டில் மரை இருக்கிறது, அந்த மரைக்கும் பிட்ச் இருக்கிறது, அதாவது சுற்றுக்குச் சுற்று உள்ள தூரம். ஸ்விஃப்டில் 1.25 மில்லிமீட்டர், ஹோண்டாவில் 1.5. அதுவும் இடைவெளி, இதுவும் இடைவெளி என்றால் நட்டு வாங்கப் போகிறவன் என்ன செய்வான்?

தனித்தமிழ் அன்பர் ஒருவர் 'அச்சாணி அளவு' என்கிறார். குறளிலேயே இருக்கிறதாம். இருக்கிறது, ஆனால் மாட்டுவண்டி ஓட்டியவரிடம் கேளுங்கள்: அச்சாணி அச்சின் முனையில் சக்கரம் கழன்று ஓடாமல் செருகும் ஒற்றை ஆணி. சக்கரத்தின் நடுக்குடத்தைச் சுற்றி ஐந்து அச்சாணி அடித்த வண்டியை நான் பார்த்ததில்லை. பழைய சொல் என்பதற்காக வேறு பொருளின் சட்டையை மாட்டிவிடுவது தமிழ்த்தொண்டு ஆகாது.

என் ஓட்டு 'ஆணிவட்டம்' என்பதற்கு. விட்டம் என்று தனியாகச் சொல்லவேண்டியதில்லை, எண்ணைச் சொன்னாலே போதும்: ஸ்விஃப்ட் நாலாணி, வட்டம் 100, போலோ ஐந்தாணி, வட்டம் 100, பழைய பியட் பாலியோ நாலாணி, வட்டம் 98. அந்த 98 ரிம்மை 100 வண்டியில் இழுத்து முடுக்கிவிடுவார்கள், இரண்டு மில்லிமீட்டர்தானே என்று. நட்டு ஏறும், சக்கரம் நடுவில் உட்காராது, ஸ்டட் வளைந்து நிற்கும். நடுத்துளையையும் பார்க்கவேண்டும். ஹோண்டா சிட்டிக்கு 56.1, ஸ்விஃப்டுக்கு 54.1. சிட்டி ரிம் ஸ்விஃப்டில் நுழையும், வளையம் போட்டுக்கொள்ளலாம். ஸ்விஃப்ட் ரிம் சிட்டியில் நுழையாது. ஆணிவட்டம் இரண்டுக்கும் ஒன்றுதான்! இதற்கு 'இணக்கத்தன்மைச் சரிபார்ப்பு' என்று ஒரு வீடியோவில் தலைப்பு. 'பொருந்துமா' என்று ஐந்தெழுத்தில் கேட்டால் என்னவாம்?

ரிம்மைத் திருப்பிக் கொடுக்க நானும் கூடப் போனேன். "அண்ணே, ஐந்தாணி, ஆணிவட்டம் 114.3 இருக்கா?" என்றேன் பெருமையாக. கடைக்காரர் மேலும் கீழும் பார்த்தார். பையன் குறுக்கே புகுந்து, "அஞ்சு போல்ட்டு, பிசிடி 114" என்றான்.

"அப்படிச் சொல்லுங்க" என்று உள்ளே போனார்.