பியெத்தாஸ்: சொல் விளக்கம்

ரோமானியக் கவிஞர் வர்ஜில் எழுதிய ‘ஈனியட்’ காவியத்தின் தலைவன், திராய் நகரத்து வீரன் ஈனியாஸ். அவனுக்குக் கவிஞர் மீண்டும் மீண்டும் சூட்டும் லத்தீன் அடைமொழி பியுஸ். அந்தப் பண்பின் பெயர்தான் பியெத்தாஸ். தமிழில் இதற்குப் பக்தி என்று எழுதத்தான் முதலில் கை போகும். ஆனால் அப்படி எழுதினால், காதலித்தவளைக் கைவிட்டுக் கப்பலேறுகிறவன் எப்படிப் பக்திமான் ஆவான் என்று வாசகர் குழம்பிப்போவார். கடப்பாடு என்பதே இதற்குச் சரியான தமிழ் என்று நினைக்கிறேன். ஏன் என்பதைச் சொல்ல, சொல்லின் பிறப்பிலிருந்தே தொடங்க வேண்டும்.

பியுஸ் என்பது லத்தீனுக்கு மட்டும் சொந்தமான சொல் அல்ல. பண்டை இத்தாலியில் அதன் சகோதர மொழிகளாக இருந்த ஆஸ்கன், உம்பிரியன் இரண்டிலும் இதன் உறவுச் சொற்கள் கல்வெட்டுகளிலும் செப்பேடுகளிலும் கிடைத்துள்ளன. லத்தீனிலேயே இதிலிருந்து பிறந்த பியாரே என்ற வினைக்குப் பரிகாரம் செய்து தீர்த்தல் என்று பொருள். ஆக, செலுத்த வேண்டியதைச் செலுத்தி உறவைச் சீராக வைத்திருப்பது என்ற எண்ணம் இந்தச் சொற்குடும்பத்தில் தொடக்கத்திலிருந்தே இருக்கிறது.

யாருக்குச் செலுத்துவது? தெய்வத்துக்கு மட்டும் அல்ல. ரோமானியப் பேச்சாளரும் சிந்தனையாளருமான சிசெரோ தன் இளமைக்கால நூல் ஒன்றில், இரத்த உறவினருக்கும் தாய்நாட்டுக்கும் அன்போடு ஆற்றும் கடமை என்று பியெத்தாஸை விளக்குகிறார். வேறொரு நூலில், தெய்வங்களிடம் காட்டும் நீதி என்கிறார். மெத்தெல்லுஸ் என்ற ரோமானியத் தளபதிக்குப் பியுஸ் என்ற பட்டப்பெயர் வந்தது கோயில் கட்டியதற்காக அல்ல; நாடு கடத்தப்பட்ட தன் தந்தையைத் திரும்ப அழைக்கச் சொல்லி விடாமல் மன்றாடியதற்காக. பியெத்தாஸைத் தேவியாகவே உருவகித்து ரோம் நகரில் கோயிலும் கட்டினார்கள். கி.மு. 191இல் நேர்ந்துகொண்ட அந்தக் கோயில் 181இல் திறக்கப்பட்டது. கி.மு. 27இல் பேரரசர் அகஸ்டஸுக்கு ஆட்சிமன்றம் அளித்த பொற்கேடயத்தில் வீரம், கருணை, நீதி ஆகியவற்றோடு நான்காவதாகப் பொறிக்கப்பட்டதும் இந்தப் பண்புதான். வர்ஜில் தன் காவியத்தை எழுதிக்கொண்டிருந்த காலம் அது.

பக்தி என்ற பொருள் எங்கிருந்து வந்தது என்றால், கிறிஸ்தவத்தின் வழியாக. லத்தீன் விவிலியத்தில் பியெத்தாஸ் இறைப்பற்றைக் குறித்தது. பியுஸ் என்ற பெயர் கொண்ட திருத்தந்தையரைத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் பத்திநாதர் என்று அழைப்பதும் அந்த வழியில் வந்ததே. அந்த இடத்தில் அது அழகான, சரியான மொழிபெயர்ப்பு. இன்னொரு பக்கம், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனபோது இந்த ஒரே சொல் இறைப்பற்று, இரக்கம் என்று இரண்டு சொற்களாகப் பிரிந்தது. இத்தாலியில் இரக்கப் பொருளே முன்னால் நின்றது. இறந்த மகனை மடியில் ஏந்திய மரியாளின் சிற்பத்துக்குப் பியெத்தா என்று பெயர். கி.மு. 19இல் இறந்த வர்ஜிலுக்கு இவை எல்லாம் பின்னால் நடந்தவை.

சரி, இனிக் காவியத்துக்கு வருவோம்.

கிரேக்கர் கைப்பற்றியதால் எரியும் திராய் நகரிலிருந்து ஈனியாஸ் வெளியேறும் காட்சிதான் பியெத்தாஸின் உருவப்படம். முதிய தந்தை தோள்மேல். தந்தையின் கையில் குலதெய்வங்களின் உருவங்கள். மகனின் கை இவன் கைக்குள். முன்னோர், தெய்வம், வருங்காலக் குடி மூன்றையும் அவன் ஒரே நேரத்தில் சுமக்கிறான். மனைவி கிரெயூசா மட்டும் பின்னால் நடந்து வருகிறாள், வழியில் தொலைந்துபோகிறாள். இந்தச் சுமையில் மனைவிக்கோ காதலிக்கோ இடம் இல்லை என்பதைக் கவிஞர் இரண்டாம் காண்டத்திலேயே காட்டிவிடுகிறார்.

அப்புறம்தான் டைடோ. கணவன் சிக்கேயுஸைத் தன் சகோதரனே கொன்றுவிட, சொந்த நாடான தீரிலிருந்து தப்பிவந்து ஆப்பிரிக்கக் கரையில் கார்த்தேஜ் நகரைக் கட்டிக்கொண்டிருக்கும் அரசி. புயலில் கரை ஒதுங்கிய திராய் மக்களுக்கு அடைக்கலம் தருகிறாள். அவளுக்கு நேர்வது அவளாகத் தேடிக்கொண்டது அல்ல. ஈனியாஸின் தாயான காதல் தெய்வம் வீனஸ், தன் மகன் காமதேவன் கியூபிட்டை ஈனியாஸின் சிறுவன் உருவில் விருந்துக்கு அனுப்புகிறாள். குழந்தை என்று நம்பி டைடோ அவனை மடியில் வைத்துக் கொஞ்சுகிறாள். இறந்த கணவனின் நினைவு அவள் மனத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அழிகிறது. பிறகு தெய்வங்களின் அரசியான ஜூனோவும் வீனஸும் ஆளுக்கொரு கணக்கோடு கைகோத்து, வேட்டையின் நடுவே மழையைக் கொட்டவைத்து இருவரையும் ஒரே குகைக்குள் சேர்க்கிறார்கள். அதைத் திருமணம் என்று டைடோ நம்புகிறாள். கடைசியில் தெய்வங்களின் அரசரான ஜூபிடர், உன் குடிக்கு விதிக்கப்பட்ட இத்தாலிக்குப் புறப்படு என்று தெய்வத் தூதன் மெர்குரி வழியே ஆணையிடுகிறார். மெர்குரி வந்து பார்க்கும்போது, டைடோ நெய்து தந்த செந்நிற மேலாடையை அணிந்தபடி அவளுடைய நகரத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறான் ஈனியாஸ்.

அவன் சொல்லாமல் கிளம்பப் பார்க்கிறான். அவள் கண்டுபிடித்துக் கேட்கிறாள். இத்தாலிக்குப் போவது என் விருப்பத்தால் அல்ல என்று அவன் சொல்லும் பதில் பாதி அடியிலேயே நின்றுவிடுகிறது. அவள் மயங்கி விழுந்தபின் வரும் நான்காம் காண்டத்தின் 393ஆம் அடியில் கவிஞர் அந்த அடைமொழியை எடுத்து வைக்கிறார்: ஆனால் பியுஸ் ஈனியாஸ், அவளைத் தேற்ற ஏங்கியும், பெருங்காதலால் உள்ளம் குலைந்தும், தெய்வ ஆணைப்படி கப்பல்களிடம் திரும்பினான். இங்கே பக்தன் ஈனியாஸ் என்று போட்டால் வரி செத்துவிடும். அவன் பரவசத்தில் போகவில்லை, கடன்பட்டவனாகப் போகிறான். மெர்குரி அவனுக்கு நினைவூட்டியதும் மகனுக்குச் சேர வேண்டிய நாட்டைப் பற்றித்தான்.

அறம் என்ற சொல்லையும் சிலர் விரும்பலாம். எனக்கு அது ஒப்பவில்லை. அறம் என்று எழுதிய உடனே ஈனியாஸ் செய்தது சரி என்று தீர்ப்பு வந்துவிடுகிறது. வர்ஜில் அந்தத் தீர்ப்பைத் தரவில்லை. பலிபீடத்தின் அருகே நிற்கும் டைடோவின் கைகளையும் அவர் பியுஸ் என்ற அடையால்தான் குறிக்கிறார். முதல் சந்திப்பிலேயே ஈனியாஸ், பியுஸ் ஆனவர்களைக் கவனிக்கும் தெய்வங்கள் உண்டென்றால் உனக்குத் தக்க கைம்மாறு தரட்டும் என்று அவளை வாழ்த்தினான். தெய்வங்கள் தந்தது என்ன என்பது நமக்குத் தெரியும். கடமை என்ற சொல் பொருளில் மிக நெருங்கியதுதான். ஆனால் இன்றைய வழக்கில் அலுவலக வாடை அடிக்கிறது, அன்பு விட்டுப்போகிறது.

கடப்பாட்டை நான் தேர்ந்தெடுக்க முக்கியக் காரணம் வேறு. இந்தக் காவியத்தில் பியெத்தாஸ் மனிதரிடமிருந்து மேலே போவது மட்டும் அல்ல, மேலிருந்து கீழேயும் வர வேண்டியது. திராய் அரசன் பிரியாம், தன் கண்முன்னே மகன் கொல்லப்பட்டதும், வானத்தில் பியெத்தாஸ் என்று ஒன்று இருந்தால் உனக்குத் தக்க கூலி கிடைக்கட்டும் என்று கொலைகாரனைச் சபிக்கிறான். டைடோவும் பியுஸ் ஆன தெய்வங்களுக்கு வலிமை இருந்தால் நீ கடல்நடுவே தண்டனை அடைவாய் என்கிறாள். தெய்வம் மனிதனிடம் பக்தி கொள்ள முடியாது. ஆனால் கடப்பாடு கொள்ளலாம். ‘கைம்மாறு வேண்டா கடப்பாடு’ என்று வள்ளுவர் மழை மேகத்தையே சொல்லியிருக்கிறார். மேலிருந்து கீழே பொழிவதற்கும் அந்தச் சொல் பொருந்துகிறது. வீனஸும் ஜூனோவும் தெய்வங்களை நம்பி வழிபட்ட ஒரு பெண்ணைக் காய்போல நகர்த்தியதை, தெய்வங்கள் கடப்பாடு மறந்தன என்று தமிழில் தெளிவாகச் சொல்ல முடிகிறது.

எதிர்ச்சொல் இம்பியுஸ், கடப்பாடு மீறிய என்று எழுதலாம். இதற்கு மிகக் கடினமான இடம் நான்காம் காண்டத்தின் 596ஆம் அடி. விடியற்காலையில் கப்பல்கள் போய்விட்டதைக் கோபுரத்திலிருந்து கண்ட டைடோ, ‘அபாக்கியவதி டைடோ, கடப்பாடு மீறிய செயல்கள் இப்போதா உன்னைச் சுடுகின்றன?’ என்று தன்னையே கேட்கிறாள். இறந்த கணவனுக்குத் தான் கொடுத்த வாக்கை மீறியதையா, தன்னிடம் ஈனியாஸ் மீறியதையா? யாருடைய செயல்கள் என்று லத்தீன் சொல்லவில்லை. உரையாசிரியர்கள் இரண்டு பக்கமும் வாதாடியிருக்கிறார்கள். அடுத்த அடிகளிலேயே, குலதெய்வங்களைச் சுமந்தவன், கிழத் தந்தையைத் தோளில் தூக்கியவன் என்று ஊர் சொல்லும் அவன் புகழை அவள் கசப்போடு எடுத்துப் பேசுவதால், அவனுடைய செயல்களும் இதில் அடங்கும் என்றே படுகிறது. தமிழாக்குபவர் இங்கே ‘என்’ என்றோ ‘அவன்’ என்றோ ஒரு சொல்லைச் சேர்த்துவிடக் கூடாது.